தீவு நிலவரம்

புலம்பெயர்ந்து வந்த பிளாக்டவுன் வீட்டுக் குசினியில், அடுப்பருகே நின்று போனை ஸ்பீக்கரில் போட்டாள் நாகேஸ்வரி. எதிர்முனையில், இந்தோனேசியாவின் சிறு தீவுக் கிராமத்தில் இருக்கும் மர்யம். மொழிபெயர்க்க லதீஸ் வந்திருந்தான். ஆறு வருடம் அந்த நாட்டில் அகதியாய் இருந்தவன். அந்தப் பாஷை அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு.

"பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வந்திட்டாரோ எண்டு கேள் தம்பி."

"பள்ளிக்கூடத்தையே மூடிப்போட்டினமாம் அன்ரி."

"மீன் வாங்க வாற வள்ளம்?"

"அதுவும் வாறதில்லையாம். இளம் ஆக்கள் எல்லாரும் நகரத்துக்குப் போட்டினமாம். மர்யம் அக்காவையும் மகன் கூப்பிடுறானாம். வாற மாதம் போறாவாம்."

நாகேஸ்வரியின் முகம் வாடியது.

லதீஸ் சிரித்தான். "எங்கேயோ கிடக்கிற தீவு வெறிச்சோடினா உங்களுக்கென்ன அன்ரி? போக வேண்டாமெண்டு சொல்லட்டோ?"

"சீச்சீ, போகட்டும். பிள்ளை இருக்கிற இடத்திலதானே தாய் இருக்கோணும். எனக்குத்தான் இந்த விசாவில நாட்டை விட்டு அங்க போகேலாது."

"நீங்கள் எங்க போக?"

நாகேஸ்வரி போனைக் கிட்ட இழுத்தாள்.

"ஒண்டே ஒண்டு கேள் தம்பி. நாங்கள் இஞ்ச வர முதல்முதல் ஏறின படகு கவிண்ட நேரம், அந்த ஊர்ச் சனம் கரையில எடுத்துப் புதைச்ச என்ர மகனுக்கு, இனி ஆர் பூ வைக்கிறது?"