பூரிக்கட்டை அளவு

காளவாசல் இசைக்கருவிக் கடை மேசையில் வேலுத்தாய் ஒரு பூரிக்கட்டையை எடுத்து வைத்தாள்.

“கரண்டு கிட்டாரு வேணும். கழுத்து இம்புட்டுத் தடிமன் இருக்கணும்.”

விற்பனையாளன் மருது சிரித்தான். “மகனுக்காம்மா? பயலுக இப்ப ஒல்லிக் கழுத்துதான் கேக்குறாய்ங்க.”

அவன் நீட்டியதை ஒரு கையிலும் கட்டையை மறுகையிலும் பிடித்துப் பார்த்தாள். “இது தட்டையா இருக்கு. வேற காட்டு.”

கடைசியாக எடுத்த கிட்டாரின் கழுத்து, பின்பக்கம் உருண்டு கைநிறைய இருந்தது.

“இதான்.”

“வாசிக்கிறவரே வந்து பிடிச்சுப் பாத்தா நல்லது.”

“மருமகளுக்குப்பா. கல்யாணமாகி வந்ததுலருந்து கிட்டாரத் தொடல. அடுப்படில ஆளில்லாதப்ப இந்தக் கட்டையிலதான் விரல ஓட்டிக்கிட்டிருக்கா. கை இதுக்குப் பழகிருச்சு.”

கிட்டாரை உறையிலிட்டுக் கொடுத்த மருது, “கட்டைய மறந்துறாதீங்கம்மா” என்றான்.

“மறப்பேனா? இனிமே பூரி நாந்தான தேய்க்கணும்.”