ஓரத்தில் நின்றவன்

வாசலில் மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றுவிட்டது. படத்திலிருக்கும் ஏழு பேரில் மாப்பிள்ளை யார் என்று ஸ்மைலினுக்கு இன்னும் தெரியாது.

படத்தின் மேல் குற்றமில்லை. நடுவில் பளபளவென்று ஒரு செயற்கைக்கோள். சுற்றி ஏழு ஆண்கள். உடம்பு முழுக்க வெள்ளை உடுப்பு, தலைக்குக் குல்லா, வாய்க்கு முகமூடி. மிச்சமிருந்தவை கண்கள் மட்டும்தான்.

மாப்பிள்ளை ஜெப்சனுக்கு ராக்கெட் விடும் இடத்தில் வேலை. அவன் வீட்டுக்கு அனுப்பிய படங்களை எல்லாம் அவன் அம்மா அப்படியே தரகர் ரத்தினத்திடம் தூக்கிக் கொடுத்திருந்தாள். நிற்கிற ராக்கெட், தீயைக் கக்கிக் கிளம்புகிற ராக்கெட், ஆகாயத்திலிருந்து பார்த்த குமரிக் கடற்கரை. ஆள் இருந்தது இந்த ஒன்றில்தான்.

இதில் மாப்பிள்ளை யார் என்று கேட்டதற்குத் தரகர் உள்ளங்கையால் படம் முழுவதையும் தடவிக் காட்டினார். "இதுலதான் நிக்கான். கர்த்தர் காட்டித் தருவாரு."

கர்த்தர் ஆளுக்கு ஒருவரைக் காட்டினார். அப்பா ரசலையனுக்கு, ஸ்பானர் பிடித்திருந்தவன். அம்மா பூங்கனிக்கு, இருப்பதிலேயே உயரமானவன்.

ஸ்மைலினுக்கு, ஓரத்தில் நின்றவன்.

மற்ற ஆறு பேரும் அடுப்பில் பால் வைத்தவர்களைப் போல அந்த இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவன் மட்டும் முகத்தைத் தூக்கி நேராக அவளைப் பார்த்தான். வாய் தெரியாவிட்டால் என்ன, கண் சிரித்தது.

படத்தைப் பாமாலைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, இரண்டு ஞாயிறு பிரசங்கத்தை அவள் கோட்டைவிட்டாள். இப்படிச் சிரிக்கிறவனோடு காலம் தள்ளிவிடலாம் என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள். இவன்தான் என்றால் சரி. வேறு யார் என்றாலும் வேண்டாம்.

டீ தட்டோடு முன்னறைக்குப் போனதும் முதல் வேலையாக மாப்பிள்ளையின் கண்ணைப் பார்த்தாள்.

தூக்கம் சொக்கும் பெரிய கண்கள். அந்தக் கண்கள் இல்லை.

ஸ்மைலினுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாரோ ஒருவன்மேல் இத்தனை நாள் ஆசையை வளர்த்துவிட்டு, இப்போது வேறொருவனுக்கு டீ கொடுத்துக்கொண்டிருக்கிறோமே என்று தன்மேலேயே எரிச்சலாகவும் இருந்தது.

ஜெபம் முடிந்தது. ஐந்து நிமிஷம் பேசட்டும் என்று இரண்டு பேரையும் வீட்டின் பின்பக்கம் அனுப்பினார்கள். கொடியில் ரப்பர் ஷீட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. அவள் 'வேண்டாம்' என்ற சொல்லை நாக்கு நுனியில் வைத்திருந்தாள்.

ஆனாலும் தெரிந்துகொள்ளாமல் விட மனசு கேட்கவில்லை. மறைத்து எடுத்துவந்த படத்தை நீட்டினாள். "இதுல நீங்க யாரு?"

ஜெப்சன் படத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "நான் இதுல இல்லியே. இத எடுத்ததே நான்தான். எனக்கு ராக்கெட் விடுத வேலை இல்ல பாத்துக்கிடுங்க. ஆணி முடுக்குததுல இருந்து மேல கிளம்புதது வரைக்கும் படம் எடுக்குத வேலை. தரகருட்ட சொன்னேனே."

ஸ்மைலின் ஓரத்தில் நின்றவனைத் திரும்பப் பார்த்தாள். இத்தனை நாளும் இவன் பார்த்தது அவளை இல்லை. கேமராவுக்குப் பின்னால் நின்ற இந்தத் தூக்கக் கண்ணனைத்தான் பார்த்திருக்கிறான்.

"இவரு எதுக்குச் சிரிக்காரு?"

"எல்லாரும் விறைச்சுப்போய் நின்னானுவ. வாயைத்தான் மூடியாச்சே, சிரிச்சா எந்த ஆபீசருக்குத் தெரியப்போவுதுன்னு கேட்டேன். இவன் ஒருத்தனுக்குத்தான் அடக்க முடியல்ல."

அதைச் சொல்லிவிட்டு அவன் சிரிக்கவில்லை. ரப்பர் ஷீட் ஒன்று கொடியிலிருந்து நழுவுவதைப் பார்த்து, அதை இழுத்து நேராகப் போட்டான்.

பின்வாசலில் பூங்கனி தலையை நீட்டினாள். "ஏட்டி, அப்பா கேக்காவ. என்ன சொல்லட்டும்?"

ஸ்மைலின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். வெளியே தெரிந்தவை இரண்டு கண்கள் மட்டும்தான்.

பூங்கனி மறுபடி கேட்காமல், சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.