ஒரே ஒரு அண்ணன்

கண் விழித்ததும் லின்னுக்கு எந்தக் கடல் என்று பிடிபடவில்லை.

வியட்நாமில் அம்மா வீட்டு ஜன்னலிலும் இதே அலைச் சத்தம்தான். அப்புறம் தெருக்கோடிப் பட்டறையில் கல்லில் உளி விழுந்தது. டிங். டிங்.

ஓ, மாமல்லபுரம்.

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு ஷூ கம்பெனிக்குத் தையல் சொல்லிக்கொடுக்க வந்தவள். வந்த புதிதில் அவளுடைய காலைகள் திக்குத் தெரியாமல் அலைந்தன. எங்கே நிற்பது, யாரிடம் கேட்பது, எதைத் தின்பது, ஒன்றும் புரியாது. இப்போது எல்லாம் ஒரு வரிசைக்கு வந்துவிட்டது. அந்த வரிசையின் நடுவில் ஒரு காபி.

பஸ் ஸ்டாண்ட் ஓரம், ஜெபக்குமார் கடைக் காபி.

அதற்கு முன்னால் நடப்பதெல்லாம் அதற்குத் தயாராவது. பின்னால் நடப்பதெல்லாம் அதை நினைத்துக்கொண்டிருப்பது.

அவள் ஊர் ருசிக்காகவே அவன் கண்டென்ஸ்டு மில்க் டின் வாங்கி வைத்திருந்தான். வேறு யார் கேட்டாலும் தீர்ந்துபோச்சு என்பான்.

இன்றைக்கு மானேஜருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். காண்ட்ராக்ட் முடிகிறது. இங்கேயே இருக்கிறாளா, ஊருக்குத் திரும்புகிறாளா?

பதில் அவளிடம் இல்லை. காபிக் கடையில் இருந்தது.

கீழே இறங்கியதுமே வீட்டுக்காரி தெய்வநாயகி பிடித்துக்கொண்டாள். "ஆட்டோக்காரனும் சாரு, பால்காரனும் சாரு! இன்னாம்மா இது? அண்ணான்னு கூப்டா வாய் வலிக்குமா?"

லின் சிரித்துக்கொண்டே மாட்டேன் என்று தலையசைத்தாள். அந்த வார்த்தையை ஊருக்கெல்லாம் வாரி இறைக்க முடியாது. அது ஒரே ஒருத்தனுக்கு.

மார்கழிப் பனியில் கடை மிதப்பதுபோல் தெரிந்தது. பாய்லர் ஆவிக்குப் பின்னால் ஜெபக்குமாரின் முகம் வருவதும் கரைவதுமாக இருந்தது.

"மச்சான், உன் தங்கச்சி வந்துகினு கீது பார்ரா!" பெஞ்சிலிருந்து ஆட்டோ விஷால் குரல் கொடுத்தான். கடையே சிரித்தது.

ஜெபக்குமார் சிரிக்கவில்லை.

இதில் என்ன கிண்டல், இவன் முகம் ஏன் வாடுகிறது? லின்னுக்கு ஒருநாளும் விளங்கியதில்லை.

சேர்த்து வைத்திருந்த தமிழையெல்லாம் திரட்டினாள்.

"அண்ணா, கம்பெனி கேக்குது. நான் இருக்கவா? போகவா?"

காபி ஆற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

அவன் டின்னைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு, இத்தனை நாளும் வாயில் வராத அந்த வார்த்தையை, ஒரு கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிறவனைப்போல, மெதுவாகச் சொன்னான்.

"இரு... தங்கச்சி."

விஷாலின் சிரிப்பு பாதியில் அறுந்தது.

லின்னுக்குக் காது மடல் சுட்டது. காபியைக் குடித்தாளா, வைத்தாளா, கம்பெனி பஸ்ஸில் எப்படி ஏறினாள், ஒன்றும் நினைவில்லை. பஸ் நகர்ந்தது. பனிக்குள் பாறைகள், பனைகள், ஓர் ஆட்டு மந்தை, எல்லாம் தூக்கத்தில் வருவதுபோல் வந்து போயின.

மானேஜருக்குப் போன் போட்டாள். இருக்கிறேன் என்றாள். அவ்வளவுதான்.

அடுத்து அம்மாவுக்கு.

"அம்மா! அவர் என்னைத் தங்கச்சின்னு கூப்பிட்டுட்டார்!"

மறுமுனையில் அம்மா சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். அழுதுகொண்டே, கொல்லையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த தன் புருஷனை, அந்த ஊர்ப் பெண்டாட்டிகள் எல்லோரும் புருஷனைக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டாள்.

"அண்ணா! சீக்கிரம் வாங்க, நம்ம பொண்ணுக்கு மாப்பிள்ளை கிடைச்சாச்சு!"

"என்ன சொல்றே தங்கச்சி?" என்று கேட்டபடியே ஓடிவந்தார் அப்பா.