எண்பத்தொன்றில் ஒரு குரல்

லிமாவின் பழைய பொருள் கடையில், பக்கத்துத் துறைமுகமான கயாவோவிலிருந்து வந்திருந்த எவுசேபியோ வீட்டு ஸ்டீரியோவுக்கு எஃப்எம் ட்யூனர் தேடிக்கொண்டிருந்தார். கனமான ஜப்பான் ட்யூனரில் அவர் கை வைத்ததும் கடைக்காரி நெலிடா சிரித்தாள்.

“அது ஜப்பான்காரனுக்குச் செஞ்சது, அண்ணே. எழுபத்தாறுலேருந்து தொண்ணூறு வரைக்கும்தான் எடுக்கும். நம்ம ஸ்டேஷனெல்லாம் எண்பத்தெட்டுக்கு மேலதானே?”

அவர் அதை இயக்கி, முள்ளை எண்பத்தொன்றில் நிறுத்தினார். மலையூர் வானொலிகளில் வாசிப்பதுபோல, ஒரு பெண் குரல் குடும்பங்களுக்கான செய்திகளைத் தெளிவாக வாசித்தது.

“கயாவோவில் இருக்கும் எவுசேபியோவுக்குத் தம்பி ரூபன் சொல்லி அனுப்புவது: படகு தாமதம், வந்துகொண்டிருக்கிறேன். மற்றவை நாளை இதே நேரத்தில்.”

ரூபனின் படகு மூழ்கிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது.

“அந்த இரைச்சலை அணைங்க, அண்ணே,” என்றபடி நெலிடா வேறொரு ட்யூனரைத் துடைத்து வைத்தாள். “இதுல நாப்பது ஸ்டேஷன் வரும்.”

“எனக்கு ஒண்ணு போதும்மா,” என்றார் எவுசேபியோ.