உள்ளே வர முடியாத அண்ணன்

மதிய வெயில் பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் நுழைந்து, கழற்றிப் போட்ட தையல் மெஷினின் பற்சக்கரங்களில் மினுங்குகிறது. மெஷின் ரிப்பேர் செய்யும் தங்கை எண்ணெய்க் கையைத் துணியால் துடைத்தபடி நிற்கிறாள். எதிரே ஸ்டூலில், மடியில் தன் லேப்டாப்போடு அண்ணன். ரிப்பேர்காரர்கள் தங்களுக்குள் சந்தேகம் கேட்டுக்கொள்ள அவள் இணையத்தில் ஒரு ஃபோரம் நிறுவியிருக்கிறாள், முன்பின் தெரியாத நூறு பேர் ஒண்டுக்குடித்தனம் இருக்கும் வாடகை சர்வரில். "உனக்கெதுக்கும்மா இந்த வேலை? பாஸ்வேர்டு இல்லாமலே ரெண்டே நிமிஷத்துல உள்ள பூந்து காட்டறேன்" என்று அவர் சொல்லி இருபது நிமிடம் ஆகிறது. முதலில், நிறுவும்போது வந்து பலரும் அழிக்க மறந்துவிடும் இன்ஸ்டால் ஃபோல்டரைத் தேடுகிறார். அப்படி ஒரு பக்கமே இல்லை என்கிறது திரை. "வேலை முடிஞ்ச கையோட அழிச்சிட்டேண்ணா." பாஸ்வேர்டு எழுதியிருக்கும் ஃபைலைக் கேட்கிறார், அனுமதி இல்லை. அட்மின் என்று பெயர் கொடுத்துப் பார்க்கிறார். அந்தப் பருப்பும் வேகவில்லை. "கடையப் பூட்டிட்டு நாலு தடவ இழுத்துப் பாக்கறவதானே நீ" என்று முணுமுணுக்கிறார். நெற்றி வியர்க்கிறது. பிறகு சத்தம் காட்டாமல், ஊரில் எல்லாரையும் போல, உறுப்பினராகச் சேரும் பக்கத்தைத் திறந்து தன் பெயரைத் தட்டுகிறார். மேஜையில் அவள் போன் சிணுங்குகிறது: புதியவர் ஒருவர் உங்கள் அனுமதிக்காகக் காத்திருக்கிறார். அண்ணன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கிறார். அவள் போனைத் தொடவில்லை. "கொஞ்சம் இருங்கண்ணா, கையெல்லாம் எண்ணெய்" என்கிறாள், எப்போதோ சுத்தமாகிவிட்ட விரல்களை இன்னும் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே.