ஆடு தொடாத இலை

சுட்டி என்கிற வெள்ளாட்டுக்கு மழைக்காலம் தொடங்கியதிலிருந்து ஓயாத இருமல். ஒன்று தணிந்தால் அடுத்தது பிடித்துக்கொள்ளும். இப்படியே போனால் கறிக்கடைக்குத்தான் என்று வீட்டுக்காரர் முணுமுணுத்தது அதன் காதில் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு சுட்டி யாரையும் நம்புவதில்லை. எருமை மூச்சு விட்டாலும் சந்தேகம், தொட்டித் தண்ணீர் அசைந்தாலும் சந்தேகம்.

வேலியோரத்து ஆடாதோடைச் செடி பொறுக்கமாட்டாமல் கூப்பிட்டது. "இருமல்னா என் இலையைத்தான் எல்லாரும் தேடி வர்றாங்க. நீயும் ரெண்டு கடிச்சுப் பாரேன்."

"உன் பேரே ஆடு தொடாத இலை. என் பாட்டன் பூட்டன் தொடாததை என்னைத் தின்னச் சொல்றியே, யாரு உனக்குச் சொல்லிக் கொடுத்தது?"

"கசக்கும், அதனால தொடலை. சரி, இலை வேண்டாம். அந்த ஈரத்துல படுக்காம மேட்டுக்காவது போ."

"ஓகோ! நான் எழுந்து போனா இந்த இடத்துல யாரு படுக்கப் போறாங்க?"

செடி தன் இலைகளை வேலிக்கு அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.

எதிர்ச் சுவரில் ஈரம் காயாத போஸ்டர் ஒன்று இருந்தது. 'நோய் எதிர்ப்பு சக்திக்கு எங்கள் டானிக்கையே நம்புங்கள்!' என்று கொட்டை எழுத்து. சுட்டி யோசிக்கவே இல்லை. பசையோடு உரித்து முழுசாகத் தின்றது.

சாயங்காலம் இருமல் குடலைப் பிடுங்கியது. கடைசியில் தொண்டையிலிருந்து 'நம்புங்கள்' என்ற துண்டு வந்து விழுந்தது. சுட்டி அதைத் திரும்பக் கவ்வி அசைபோட்டுக்கொண்டே வேலிப் பக்கம் முறைத்தது.

"இப்பதான் புரியுது. எல்லாம் உன் காத்து பட்டதுதான்."