தீவுக்கு அந்தப் பக்கம்

"எந்திரிங்க அத்தான். பின்னாடி உக்காருங்க."

சொல்லிவிட்டாள்.

அத்தை மகன் குருநாதன் அத்தானுக்குக் காதில் விழுந்தது. உள்ளேதான் போகவில்லை. படகில் கால் வைத்ததுமே முன்னிருக்கையில் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். ஐம்பத்து மூன்று வயதிலும் கை தானாக அங்கேதான் போகிறது.

அவள் படகுத்துறையிலேயே நின்றாள். பட்டுச் சேலைக்கு மேல் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்.

காலையில் அத்தானின் பேத்திக்குக் காதுகுத்து. மதியம் விருந்து. சாயங்காலம் காலாற நடக்கலாம் என்று மூன்று பேர் ஏரிப் பூங்காவுக்குக் கிளம்பி வந்திருந்தார்கள். மூன்றாவது ஆள் அத்தானின் மனைவி பொற்கொடி அக்கா. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷமாக இந்த ஊரில்தான் இருக்கிறாள். இந்தப் படகில் ஏறியதில்லை. ஏறு என்று யாரும் சொன்னதுமில்லை.

மிதிபடகில் நான்கு பேர் உட்காரலாம். முன்னால் இரண்டு பேர். பெடலும் கைப்பிடியும் அவர்களுக்கு. பின்னால் இரண்டு பேர், அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை, ஒவ்வொரு மே மாதமும் லீவுக்கு இந்த ஊருக்கு வரும்போது, அவளுக்கு அந்த முதுகுப் பக்கம்தான். அவளும் தங்கையும் பின்னால். அத்தானும் அவருடைய சிநேகிதனும் முன்னால்.

ஏரியில் அவள் பார்த்ததெல்லாம் கடந்து போனவை. டிக்கெட் கவுண்டர் சின்னதாகிக்கொண்டே போகும். முன்னால் இருப்பவர்கள் "பாம்பு, பாம்பு" என்று கத்தி ஓய்ந்த பிறகு அவளுக்குத் தண்ணீர்ப்பாம்பின் வால் தெரியும்.

நடுவில் ஒரு தீவு. நாலைந்து கருவேல மரம். அதை நெருங்கியதும் அத்தான் படகைத் திருப்பிவிடுவார்.

அந்தப் பக்கம் ஆழமாம். ஆளை இழுத்துவிடுமாம். அத்தான் சொன்னால் சொன்னதுதான். மொத்தக் குடும்பமும் நம்பியது.

ஒருமுறை, ஒரே ஒருமுறை, கைப்பிடியைக் கேட்டாள். அடுத்த வருஷம் தருகிறேன் என்றார்.

அடுத்த வருஷம் அவள் பெரிய மனுஷி ஆகிவிட்டாள். பெரிய மனுஷிக்குப் படகு எதற்கு என்று வீட்டிலேயே நிறுத்திவிட்டார்கள்.

அன்றைக்குக் குளியலறையில் உட்கார்ந்து அழுதாள். யாருக்கும் தெரியாது.

"எந்திரிங்க அத்தான்."

இந்த முறை படகுத்துறை ஆளும் திரும்பிப் பார்த்தார். அத்தான் சிரித்தார். சிரிப்புக்குத் துணை தேடி மனைவியைப் பார்த்தார். அக்கா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்தார்.

அவர் பின்னிருக்கையில் உட்கார்ந்ததும் படகு அந்தப் பக்கம் ஒரு சாண் இறங்கியது.

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். பக்கத்தில் அக்கா.

கைப்பிடியை வலது பக்கம் தள்ளினாள். படகு இடது பக்கம் போய்த் துறையில் கட்டியிருந்த டயரில் முட்டியது.

"இதுக்குத்தான் அப்பவே சொன்னேன்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவர் எதையும் சொல்லியிருக்கவில்லை.

அவளுக்குக் காது சுட்டது. ஆறு கோடைகாலம் முதுகுப் பக்கம் உட்கார்ந்திருந்தவளுக்குக் கைப்பிடியின் குணம் எப்படித் தெரியும்? வலது வேண்டுமென்றால் இடது பக்கம் தள்ள வேண்டும். அவ்வளவுதானே. தள்ளினாள்.

படகு சொன்னபடி கேட்டது.

முகத்தில் காற்று அடித்தது. இந்த ஏரியில் அவளுக்கு இதுவரை முகத்தில் காற்று அடித்ததே இல்லை.

தீவு வந்தது. நேராக, பெரிதாக, வந்துகொண்டே இருந்தது. சிரிப்புப் பொங்கியது. அடக்கவில்லை.

"திருப்பு. அங்க ஆழம்."

அவளுடைய நாற்பத்தேழு வயதுக் கால் ஒரு கணம் தயங்கியது. பழைய பயம்.

பெடல் நிற்கவில்லை. இரண்டு பேருடைய பெடலும் ஒரே கம்பியில் கோத்தவை. பக்கத்தில் அக்கா மிதித்துக்கொண்டிருந்தாள்.

படகு தீவைச் சுற்றியது. கரை மறைந்தது. டிக்கெட் கவுண்டர் மறைந்தது.

அந்தப் பக்கத்தில் ஒரு கொக்கு தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்தது. அதன் கால் பாதிகூட நனையவில்லை.

அவள் கொக்கைப் பார்த்தாள். அக்காவும் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, பின்னால் உட்கார்ந்திருந்தவருக்கும் அது தெரிந்திருக்கும்.



மறுபக்கம் வெளியே வந்தார்கள். கரை திரும்பத் தெரிந்தது. முழுச் சுற்று. மாலை இல்லை, மேளம் இல்லை. ஆனாலும் இத்தனை வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் எது என்று யோசித்தாள். சட்டென்று ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

கரையிலிருந்து விசில். அரை மணி நேரம் முடிந்துவிட்டது.

"விசில் அடிக்கிறான் பாரு. கரைக்கு விடு" என்றார் அத்தான்.

சரி, போதும் என்றுதான் அவளுக்கும் தோன்றியது. கைப்பிடியைக் கரைப் பக்கம் திருப்பப் போனாள்.

"எனக்குக் கேக்கலையே" என்றாள் அக்கா.

பூங்காவுக்கு வந்ததிலிருந்து அக்கா பேசிய முதல் வார்த்தை.

அவள் திரும்பிப் பார்த்தாள். அக்காவின் நெற்றியில் வியர்வை. கண் நேராக முன்பக்கம் பார்த்தபடி இருந்தது. கால் மிதிப்பதை நிறுத்தவில்லை.

அவள் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள்.

அக்கா பிடித்தாள். எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. படகு கரையை விட்டு மறுபடி தீவைப் பார்த்துத் திரும்பியது.

விசில் திரும்பவும் அடித்தது. நீளமாக.

இப்போது அவளுக்கும் கேட்கவில்லை.